மைலேஜ் குறைஞ்சா உடனே பேட்டரி மேல பழி போடாதீங்க

பழைய ஹைப்ரிட் கார் வெச்சிருக்கறவங்க, செகண்ட் ஹேண்ட்ல ஒன்னு வாங்கலாமான்னு யோசிக்கறவங்க, இந்த த்ரெட்டைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க. நீளமாத்தான் இருக்கும். "டாக்டர் எதுக்குங்க காரைப் பத்தி எழுதறார்?"னு கேக்கறவங்களுக்கும் நடுவுல ஒரு விஷயம் இருக்கு.

எங்க மங்கலத்துல ஒரு அண்ணன் இருக்கார். எட்டு மெஷின் போட்டு சின்னதா நிட்டிங் ஓட்டறார். எல்லாமே ஜாப் ஒர்க். அவர்கிட்ட 2011 மாடல் ப்ரியஸ் ஒன்னு இருக்கு. ஒரு எக்ஸ்போர்ட்டர் ஆசைப்பட்டு வாங்கி, ஓட்டி, சலிச்சு வித்த வண்டி. கை மாறி இவருக்கு வந்துச்சு. டவுனுக்குள்ள லிட்டருக்கு 20 கிலோமீட்டர் குடுத்துட்டிருந்தது, ஒரே மாசத்துல 14-க்கு இறங்கிருச்சு.

ஒரு ஒர்க்‌ஷாப்புல கொண்டுபோய்க் காட்டியிருக்கார். பானெட்டைத் திறந்து பார்த்திருக்காங்க. "பதினாலு வருஷ வண்டிங்க. ஹைப்ரிட் பேட்டரி போயிருச்சு. புதுசு போட 1,80,000 ஆகும். இல்லைன்னா காயலான் கடைக்குத்தான்"னு சொல்லிட்டாங்க.

"ஸ்கேனர் போட்டுப் பார்த்தாங்களாங்கண்ணா?"

"இல்லீங்க தம்பி. எந்த வருஷத்து வண்டின்னு கேட்டாங்க. சொன்னேன். உடனே சொல்லிட்டாங்க."

பொண்ணுக்குக் காலேஜ் கட்ட வெச்சிருந்த பணத்தை எடுத்து பேட்டரிக்குக் குடுத்துட்டு, ஃபீஸுக்கு நகையை அடகு வைக்கறதுன்னு வீட்டுல பேசி முடிச்சிருக்காங்க. எனக்கு அங்கதான் சுருக்குன்னுச்சு. வயசை மட்டும் கேட்டுட்டு நோயைச் சொல்றது எங்க தொழில்லயும் உண்டு. 68 வயசு அம்மா மூச்சு வாங்குதுன்னு வருவாங்க. "வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்"னு அனுப்பி வெச்சிருப்பாங்க. ரத்தம் எடுத்துப் பார்த்தா ஹீமோகுளோபின் 6. வயசு நோய்க்கு வாய்ப்பைக் கூட்டும், அவ்வளவுதான். அதுவே நோய் ஆகாது.

நான் மெக்கானிக் இல்லைங்க. ஆனா கேள்வி கேக்கற முறை எனக்குத் தெரியும். எப்ப ஆரம்பிச்சது, திடீர்னா, மெதுவாவா, எப்ப அதிகமாகுது, அதுக்கு முன்னாடி என்ன நடந்தது? வண்டிக்கும் இதே கேள்விதான்.

முதல்ல ஹைப்ரிட்னா என்னன்னு சுருக்கமாச் சொல்லிடறேன். ப்ரியஸ் 1997 டிசம்பர்ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்துச்சு. நம்ம நாட்டுக்கு 2008-ல சிவிக் ஹைப்ரிட், 2010-ல ப்ரியஸ், 2013-ல பிடதியில பூட்டின கேம்ரி ஹைப்ரிட். 2022-ல வந்த ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, சிட்டி ஹைப்ரிட் எல்லாம் இப்ப இளவட்டம். இன்னும் சில வருஷத்துல அதுக்கும் இதே பஞ்சாயத்து வரும். (2015-ல வந்த சியாஸ், எர்டிகா எஸ்.எச்.வி.எஸ். எல்லாம் மைல்டு ஹைப்ரிட். அந்த வண்டிங்களுக்கு இந்தக் கதை பொருந்தாது.)

சாதாரணக் கார்ல பிரேக் அடிச்சா, பெட்ரோல் எரிச்சு நாம சேர்த்த வேகமெல்லாம் பிரேக் பேட்ல சூடாகி வீணாப் போகுது. ஹைப்ரிட்ல பிரேக்கை மெதுவா மிதிச்சா, சக்கரமே மோட்டாரைச் சுத்தி மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்குள்ள அனுப்பும். அடுத்த தடவை வண்டி நகர்றப்ப அந்த மின்சாரம்தான் தள்ளும், இன்ஜின் அணைஞ்சிருக்கும். அதனாலதான் மத்த வண்டிக்கு டிராஃபிக் சாபம், ஹைப்ரிட்டுக்கு அது பெரிய நஷ்டமில்ல. நின்னு நின்னு போற டவுன்லயே நல்ல மைலேஜ் குடுக்கும்.

இதுல இருந்தே ஒரு துப்பு கிடைக்குது பாருங்க. டவுன்ல மட்டும் மைலேஜ் விழுந்தா, பேட்டரி பக்கம் சந்தேகப்படணும். ஒரே சீரா ஓடற நெடுஞ்சாலையிலயும் சேர்ந்து விழுந்தா டயர், பிரேக், இன்ஜின், பெட்ரோல் பக்கம் பார்க்கணும்.

அண்ணன்கிட்ட கேட்டேன். வியாபாரி இல்லீங்களா, பெட்ரோல் போட்ட ஒவ்வொரு தடவையும் லிட்டரும் கிலோமீட்டரும் நோட்டுல எழுதி வெச்சிருக்கார். எனக்குக் கிடைக்கற கேஸ் ஷீட்டுல பாதி இந்த நோட்டு மாதிரி இருந்தா நான் கும்பிட்டு வாங்கிக்குவேன். டேஷ்போர்டு காட்டற மைலேஜை அவர் நம்பறதே இல்ல. டேங்க் நிறைய அடிச்சு, ஓட்டி, மறுபடி நிறைய அடிச்சுக் கணக்குப் போடறார். அதுதான் சரியான முறை.

நோட்டு சொன்ன கதை இது. ரெண்டு வருஷம் முன்னாடி டவுன்ல 21. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமா இறங்கி 20. அப்புறம் இந்த வைகாசியில ஒரே இறக்கமா 14. வாரம் ஒரு தடவை அவினாசி ரோட்டுல கோயம்புத்தூர் போயிட்டு வர்றதுல 20 இருந்தது 17. ரெண்டுமே விழுந்திருக்கு, டவுன் ரொம்ப அதிகமா விழுந்திருக்கு.

இந்த இடத்துல நீங்க "எல்லாம் அந்த இ20 பெட்ரோலால வந்த வினை"ன்னு சொல்ல வர்றீங்கன்னு தெரியும். அண்ணனும் அதைத்தான் சொன்னார். பேக்கரியில உக்காந்திருந்த நாலு பேரும் அதையேதான் சொன்னாங்க. அதுல உண்மை இல்லாம இல்ல. எத்தனாலுக்கு ஒரு லிட்டர்ல இருக்கற எரிசக்தி, பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு கம்மி. பழைய வண்டிகள்ல, அதாவது எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைச்சு 10 சதவீதக் கலப்புக்கு ட்யூன் பண்ணின கார்கள்ல, 20 சதவீதம் கலந்தா மைலேஜ் 6-7 சதவீதம் குறையும்னு நிதி ஆயோக் 2021-ல வெளியிட்ட அறிக்கையே சொல்லுது. 2022 நடுவுல 10 சதவீதத்தைத் தொட்ட கலப்பு, 2025-ல 20 ஆயிருச்சு. 21-ல இருந்து 20-க்கு வந்த அந்த மெதுவான சரிவுக்கு இது பொருத்தமான காரணம்.

ஆனா 20-ல இருந்து 14-க்கு விழறது 30 சதவீதம். அதுவும் ஒரே மாசத்துல. பங்க்ல ஊத்தற பெட்ரோல் ஊருக்கே ஒன்னுதான், இவர் வண்டிக்கு மட்டும் தனியா கெட்டுப்போகாது. நாள்பட்ட நோய் மேல புதுசா ஒரு நோய் ஏறியிருக்கு. சர்க்கரை பத்து வருஷமா இருக்கறவருக்கு நேத்து திடீர்னு காய்ச்சல் வந்தா, காய்ச்சலுக்குச் சர்க்கரையைக் காரணம் சொல்லிட்டு விட்டுடக் கூடாது இல்லீங்களா.

"வைகாசியில என்னங்கண்ணா நடந்துச்சு?"

யோசிச்சுச் சொன்னார். ரெண்டு விஷயம். ஒன்னு, காங்கேயம் பக்கம் அவர் மாமியார் தவறிட்டாங்க. குடும்பத்தோட அங்கேயே தங்கிட்டதால, காரியம் முடியற வரைக்கும் பதினாறு நாள் வண்டி மங்கலத்துல வாசல்லயே நின்னிருக்கு. நடுவுல கோடை மழை வேற. ரெண்டாவது, குளிர்கால ஃப்ளீஸ் ஆர்டர் புடிச்சிருக்கார். ரைசிங் பண்ணின துணி சாம்பிள், நூல் கோன் மூட்டை, வேஸ்ட் எல்லாம் பின் சீட்டுல போட்டுத்தான் திருப்பூருக்கும் வீட்டுக்கும் அலைச்சல்.

ரைசிங்னா வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன். ஸ்வெட்டர் துணிக்கு உள்பக்கம் புசுபுசுன்னு இருக்குமே, அது. பின்னின துணியை கம்பி முள்ளு வெச்ச ரோலர்ல விட்டுக் கீறிக் கீறி அந்தப் புசுபுசுப்பைக் கொண்டுவருவாங்க. அந்தத் துணியை உதறினாப் போதும், பஞ்சு மேகம் மாதிரி பறக்கும்.

செலவில்லாத சோதனையில இருந்து ஆரம்பிச்சோம். டயர்ல காத்து சரியா இருந்துச்சு. டயரும் பழசுதான், புதுசு மாத்தலை. (டயர் மாத்தின கையோட மைலேஜ் விழுந்தா டயரையே சந்தேகப்படுங்க. சில டயர் ரோட்டை அதிகமாப் புடிச்சு இழுக்கும்.) ஏர் ஃபில்டர் அழுக்கு, ஆனா அடைப்பில்ல. இன்ஜின் சூடு சரியா ஏறுது, அதனால தெர்மோஸ்டாட்டும் ஓகே.

அப்புறம் பிரேக். மங்கலத்துல இருந்து சாமளாபுரம் வரைக்கும் பிரேக்கை முடிஞ்சவரை தொடாம ஓட்டிட்டுப் போய் நிறுத்தினோம். நாலு சக்கரத்துக்கிட்டயும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். தொடலை, கிட்ட மட்டும்தான். மூணு சக்கரம் வெதுவெதுப்பு. இடது பின் சக்கரம் அடுப்பு மாதிரி அடிச்சுது. வீங்கின காலைத் தொட்டுப் பார்த்து ரெண்டு காலுக்கும் சூட்டுல வித்தியாசம் தேடற அதே பரிசோதனைதான்.

ஹைப்ரிட்ல இது அடிக்கடி நடக்கற கதை. பாதி நேரம் மோட்டாரே வண்டியை நிறுத்திடறதால, உண்மையான பிரேக் பேடுக்கு வேலை கம்மி. வேலை இல்லாத உறுப்பு இறுகிப்போகும். கேலிப்பர் நகர்ற பின்னுல கிரீஸ் காஞ்சு, மழைத் தண்ணி எறங்கி, பதினாறு நாள் அசையாம நின்னதுல துரு புடிச்சிருச்சு. பேட் டிஸ்க்கை விடாம உரசிக்கிட்டே ஓடியிருக்கு. மைலேஜை விடுங்க, நெடுஞ்சாலையில இப்படி ஓட்டறது ஆபத்து. சூடு ஏறி ஏறி பிரேக்கே பிடிக்காம போகலாம்.

பிரேக் மெக்கானிக் ஒருத்தர் பின்னைக் கழட்டிச் சுத்தம் பண்ணி, புது கிரீஸ் வெச்சு, அந்தப் பக்க பேடையும் எதிர்ப்பக்க பேடையும் மாத்தினார். 1,900 ரூபாய். ப்ரியஸ்ல பிரேக் வேலை பார்க்கறப்ப வண்டி முழுசா ஆஃப்ல இருக்கணும், ஸ்மார்ட் சாவியைத் தள்ளி வெச்சிடணும். டிரைவர் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் தானா ஓடி அழுத்தம் ஏத்தும். கை உள்ள இருந்தா அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் ஓட்டம் 17-ல இருந்து 19-க்கு மேல வந்துச்சு. டவுன் மட்டும் 15-லயே நின்னுச்சு.

ஒரே நோயாளிக்கு ஒரே சமயத்துல ரெண்டு நோய் வரக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்ல. ஒரு காரணம் கிடைச்சதும் தேடறதை நிறுத்திடறதுலதான் ரெண்டாவது நோய் தப்பிச்சு ஓடுது. அதனால அடுத்தது ஸ்கேன். ஆயிரம் ரூபாய்க்குள்ள ஒரு ஓ.பி.டி. கருவி கிடைக்குது. ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கற சாக்கெட்டுல சொருகி, போன்ல பார்க்கலாம்.

ப்ரியஸ் பேட்டரி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. 28 மாட்யூல், ஒவ்வொன்னுலயும் 6 செல், செல்லுக்கு 1.2 வோல்ட். மொத்தம் 201.6 வோல்ட். ரெண்டு ரெண்டு மாட்யூலாச் சேர்த்து 14 பிளாக்கா கம்ப்யூட்டர் கண்காணிக்கும். பேட்டரி உண்மையிலயே போயிருந்தா, வண்டி இழுக்கறப்ப ஏதாவது ஒரு பிளாக் மட்டும் மத்ததைவிடச் சடார்னு விழும். டிஸ்ப்ளேல சார்ஜ் கோடு நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறி இறங்கும். பல வண்டியில பி0ஏ80-னு ஒரு குறியீடு பதிவாகி, எச்சரிக்கை விளக்கு எரியும்.

இதுல எந்தக் குறியீடும் இல்ல. அழுத்தி ஓட்டினப்பவும் 14 பிளாக்கும் ஒன்னையொன்னு ஒட்டியே நின்னுச்சு. ஆனா ஒரு எண்ணு மட்டும் கண்ணை உறுத்துச்சு. மத்தியானம் மூணு மணிக்கு மங்கலம் ரோட்டு டிராஃபிக்ல போறப்ப பேட்டரி வெப்பநிலை 38-ல ஆரம்பிச்சு 53 வரைக்கும் போச்சு. பின்னாடி ஃபேன் உச்ச வேகத்துல கத்துது, வெப்பம் மட்டும் இறங்கலை.

பேட்டரிக்குக் காய்ச்சல்ங்க. செத்துப்போகலை.

இந்த வகை பேட்டரி சூடானா சார்ஜை ஒழுங்கா வாங்காது. அதுக்கும் மேல ஏத்தினா கெட்டுப்போகும்னு, கம்ப்யூட்டரே வாங்கற அளவையும் குடுக்கற அளவையும் குறைச்சிடும். அப்ப பிரேக் அடிக்கறப்ப வர்ற மின்சாரம் வீண். நகர்றப்ப தள்ள ஆளில்ல. அணைஞ்சிருக்க வேண்டிய இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும். ஏ.சி. கம்ப்ரஸரும் இதே பேட்டரியில ஓடறதுதான், அதுக்கும் இன்ஜின்தான் உழைக்கணும். டவுன் மைலேஜ் ஏன் விழுந்துச்சுன்னு இப்ப புரியுதுங்களா?

ப்ரியஸ்ல பேட்டரி பின் சீட்டுக்குப் பின்னாடி இருக்கு. காருக்குள்ள இருக்கற ஏ.சி. காத்தையேதான் மூச்சா இழுத்துக் குளிர்ந்துக்கும். மூக்கு எங்கன்னா, பின் சீட்டு சாயற பகுதிக்குப் பக்கத்துல, கதவோரமா இருக்கற ஒரு சின்ன கிரில். கோன் மூட்டையை நகர்த்திட்டுப் பார்த்தோம். கிரில் மேல வெள்ளையா ஒரு படலம். விரலால சுருட்டினா துணி மாதிரி உரிஞ்சு வந்துச்சு. மூட்டை பாதி மூக்கை மூடியிருக்கு, ஃப்ளீஸ் பஞ்சு மீதியை மூடியிருக்கு.

கிரில்லை வேக்குவம் போட்டு நாமே சுத்தம் பண்ணிக்கலாம். உள்ள இருக்கற ஃபேனை, ஹைப்ரிட் வேலை தெரிஞ்ச ஒரு டெக்னீஷியன் கழட்டினார். ஃபேன் இறக்கை ஒவ்வொன்னுலயும் பஞ்சுத் திரி. 3,500 ரூபாய். அடுத்த நாள் அதே ரோடு, அதே மூணு மணி, வெப்பநிலை 42-ஐத் தாண்டலை. மூணு டேங்க் சராசரியில டவுன் மைலேஜ் 19.6.

மொத்தச் செலவு 5,400. பேட்டரிக்குக் கேட்டது 1,80,000. இன்னொரு கணக்கும் போட்டுக் காமிச்சேன். மாசம் 1,200 கிலோமீட்டர் ஓட்டறார். 20 குடுத்தா 60 லிட்டர், 14 குடுத்தா 86 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்னு வெச்சாலும் மாசம் 2,600 நஷ்டம். மைலேஜுக்காக மட்டும் பேட்டரி மாத்தியிருந்தா போட்ட காசு திரும்ப வரவே ஆறு வருஷம் கிட்ட ஆகியிருக்கும். பேட்டரி உண்மையிலயே போயிட்டா வண்டி ஓடாது, அது வேற விஷயம். அப்பவும் ஒரே ஒரு மாட்யூலை மட்டும் மாத்தித் தர்றேன்னு சொல்றவங்ககிட்ட உஷாரா இருங்க. பழசு பக்கத்துல புதுசு உக்காந்தா சீக்கிரமே அடுத்தது போகும். கொழும்பு, யாழ்ப்பாணம் நண்பர்களுக்கு இதெல்லாம் புதுசா இருக்காது, அங்க ரோடு பூரா ப்ரியஸும் அக்வாவும்தானே.

இப்ப நான் ஆரம்பத்துல சொன்ன விஷயம்.

அந்த வெள்ளைப் படலத்தைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறப்ப எனக்குக் கார் ஞாபகமே இல்ல. மாசக் கணக்குல பின் சீட்டுல கிடந்த துணியில இருந்து பறந்த பஞ்சு ஒரு ஃபேனை அடைச்சிருச்சு. அந்தத் துணியோடயே தினமும் பன்னெண்டு மணி நேரம் நிக்கறவங்க மூச்சுக்குழாய் எப்படி இருக்கும்?

பஞ்சுத் தூசியால வர்ற நுரையீரல் நோய்க்கு பிசினோசிஸ்னு பேரு. நூற்பாலைகள்ல, அதுலயும் பஞ்சைப் பிரிச்சுச் சீவற இடத்துல அதிகம். நிட்டிங்ல அந்த அளவுக்கு இல்ல, ஆனா தூசி தூசிதான். இதோட அடையாளம் விசித்திரமானது. வாரம் பூரா வேலை செஞ்சுட்டு, ஞாயிறு லீவு எடுத்துட்டு, திங்கக்கிழமை வேலைக்கு வந்ததும் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும், மூச்சு வாங்கும். செவ்வாய், புதன்ல குறைஞ்சிடும். "ஞாயித்துக்கிழமை சரக்கு போட்ட மப்பு"ன்னு சூப்பர்வைசர் கிண்டல் பண்ணுவார். வருஷம் போகப் போக எல்லா நாளும் திங்கக்கிழமை ஆயிடும். அப்புறம் இன்ஹேலரும் பெருசா உதவாது. சட்டப்படியான தொழில்சார் நோய்ப் பட்டியல்ல இது பேரோடயே இருக்கு.

"உங்க பசங்கள்ல யாருக்காவது திங்கக்கிழமை இருமல் உண்டாங்கண்ணா?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசலை. "ஒடிசா பையன் ஒருத்தன் இருக்கானுங்க தம்பி. ஊருக்குப் போயிட்டு வந்தா முத ரெண்டு நாள் இழுக்கும். கிளைமேட் சேரலைன்னு நெனச்சேன்."

பையனுக்கு 24 வயசு. நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அனுப்பி ஊதிப் பார்க்கற பரிசோதனை செஞ்சாங்க. வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஊதினதுல வித்தியாசம் இருந்துச்சு. இப்ப நிறுத்தினா திரும்ப வரக்கூடிய கட்டம்தான். அண்ணன் அவனைத் துணி மடிக்கற, உதறற வேலையில இருந்து எடுத்து லோடு எழுதற வேலைக்கு மாத்தியிருக்கார். ஷெட்டுல அடைஞ்சு கிடந்த எக்ஸாஸ்ட் ஃபேன் ரெண்டையும் கழட்டிச் சுத்தம் பண்ணியாச்சு. காத்தடிச்சு மெஷினைத் துடைக்கறதை நிறுத்திட்டு வேக்குவம் வாங்கச் சொல்லியிருக்கேன். அது இன்னும் வரலை, கேட்டுக்கிட்டே இருக்கேன்.

கடைசியா ஒரு எச்சரிக்கை. ஹைப்ரிட்ல ஆரஞ்சு நிற ஒயர் எதைப் பார்த்தாலும் கை வைக்காதீங்க. 200 வோல்ட் நேர் மின்சாரம், இதயத்தை நிறுத்தப் போதும். சர்வீஸ் பிளக்கைக் கழட்டினதுக்கு அப்புறமும் கெபாசிட்டர்ல மின்சாரம் தங்கியிருக்கும். பத்து நிமிஷம் காத்திருந்து, இன்சுலேட்டட் கிளவுஸ் போட்டு, பயிற்சி உள்ளவங்கதான் தொடணும். கிரில்லைத் துடைக்கற வரைக்கும் உங்க வேலை. அதுக்குள்ள போறது டெக்னீஷியன் வேலை.

உங்க வண்டிக்கும் இதே பிரச்சினைன்னா கமெண்ட்ல எழுதுங்க. மாடல் என்ன, டவுன்ல எவ்வளவு, ஹைவேயில எவ்வளவு, எந்த மாசத்துல இருந்து, அந்த மாசம் வண்டிக்கு என்ன நடந்துச்சு, பின் சீட்டுல என்ன வெச்சிருக்கீங்க. "மைலேஜ் கம்மியா இருக்கு, என்ன பண்ண டாக்டர்"னு மட்டும் எழுதினா என்னால ஒன்னும் சொல்ல முடியாதுங்க. பனியன் கம்பெனியில வேலை செய்யறவங்க திங்கக்கிழமை இருமலைப் பத்தி எழுதினா, அதுக்குத்தான் முதல்ல பதில் போடுவேன்.